யந்திரத்தில் முக்கோணத்துக்கு என்ன அர்த்தம்?

என்னிடம் வந்த கேள்வி இரண்டு பகுதியாக இருந்தது. யந்திரங்களில் சதுரம், வட்டம், தாமரை இதழ், முக்கோணம், நடுவில் ஒரு புள்ளி என்று வருகிறதே, ஒவ்வொன்றும் எதைக் குறிக்கிறது? அப்புறம், கடையில் விற்கிற ஸ்ரீ சக்கரத் தகடு ஒன்றை வாங்கிப் பூஜை அறையில் மாட்டினால் போதுமா?

முதல் பகுதிக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். மேல் நோக்கிய முக்கோணம் சிவம், கீழ் நோக்கியது சக்தி, சதுரம் நிலம், இதழ் மலர்ச்சி, புள்ளி எல்லாம் ஒடுங்கும் இடம். தகடு வாங்கினால் கூடவே ஒரு துண்டுத் தாள் தருவார்களே, அதில் இதுதான் அச்சடித்திருக்கும். தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு யந்திரத்தைப் படிக்க உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் எங்கேயோ முட்டிக்கொண்டு நிற்போம். நான் அப்படி நின்றவன்தான்.

எங்கே முட்டும் என்று காட்டுகிறேன். சைவ சாத்திரங்களில் உண்மை விளக்கம் என்று ஒரு சின்ன நூல், மனவாசகம் கடந்தார் 13-ஆம் நூற்றாண்டில் எழுதியது. அதில் "நாற்கோணம் பூமிபுனல் நண்ணுமதி யின்பாதி" என்று ஒரு வெண்பா தொடங்கும். நிலம் சதுரம், நீர் பாதி நிலா, நெருப்பு முக்கோணம், காற்று அறுகோணம், ஆகாயம் வட்டம். சிவபூஜைக்கு முன் பூதசுத்தி, அதாவது உடம்பில் உள்ள ஐந்து பூதங்களையும் மனத்தால் சுத்தம் செய்கிற சடங்கு, செய்கிறவர்கள் இந்த வடிவங்களைத்தான் மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள். சரி, சதுரம் என்றால் பூமி என்று குறித்துக்கொள்கிறோம். அப்படியே வேத காலத்து வேள்விச் சாலைக்குள் நுழையுங்கள். அங்கே கார்ஹபத்யம் என்கிற வீட்டு நெருப்பின் குண்டம் வட்டம், அதுதான் இந்தப் பூவுலகம் என்கிறார்கள். ஆஹவனீயம் சதுரம், அது வானுலகம். நாம் எழுதி வைத்ததற்கு நேர் தலைகீழ். மூன்றாவதான தட்சிணாக்கினி அரைவட்டம். வடிவம் மூன்றாக இருந்தாலும் பரப்பளவு மூன்றுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது விதி. வட்டத்துக்குச் சமமான சதுரம் போடுவது எப்படி, சதுரத்தை வட்டமாக்குவது எப்படி என்று கயிறு பிடித்து அளந்து சொல்லும் சுல்ப சூத்திரங்களுக்கு இந்த மாதிரித் தேவைதான் பின்னணி. எனக்கு என்னவோ அந்தச் சம பரப்பில்தான் குறியீடே இருக்கிறது என்று தோன்றும். ஒரே நெருப்பு, மூன்று வீட்டில் குடியிருக்கிறது.

ஆக, சதுரத்துக்கு என்ன அர்த்தம் என்று தனியாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்தப் பூஜையில், எந்த இடத்தில், எதற்கு அப்புறம் வருகிற சதுரம் என்று கேட்க வேண்டும். யந்திரத்தை நான் புரிந்துகொண்டிருப்பது இப்படித்தான்: அது உள்ளே போகிற ஒரு கட்டடம். அறை, வாசல், மதில் எல்லாம் உண்டு. ஒவ்வொரு கோட்டுக்கும் அர்த்தம் அது போகிற வழியில் எங்கே நிற்கிறது என்பதில் இருக்கிறது.

இந்தச் சொல்லையே பாருங்களேன். யந்திரம் என்றால் நமக்கு மிஷினும்தான், தகடும்தான். வடமொழியிலும் அப்படியே, அடக்கிப் பிடித்து வேலை வாங்குகிற கருவி என்பதுதான் வேர்ப்பொருள். தமிழில் இந்தச் சொல் சங்க காலத்திலேயே வந்துவிட்டது. ஐங்குறுநூற்றில் "கரும்பின் எந்திரம் களிற்றெதிர் பிளிற்றும்" என்று ஒரு வரி, கரும்பு ஆலை யானைக்குப் பதில் பிளிறுவது போலச் சத்தம் போடுகிறதாம். அங்கே எந்திரம் என்பது கரும்பைப் பிழிகிற ஆலை. ஸ்ரீ சக்கரத்தின் நடுவில் இருக்கும் லலிதாம்பிகையின் கையில் கரும்பு வில் இருப்பது இதோடு சம்பந்தப்பட்டது இல்லை, ஆனாலும் எனக்கு ஒவ்வொரு தடவையும் இது ஞாபகத்துக்கு வரும். ஆலையைச் சுவரில் மாட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் சாறு வராது.

இனி ஸ்ரீ சக்கரத்தையே எடுத்துக்கொள்கிறேன், எல்லாரும் பார்த்திருப்பது அதுதான். ஒன்பது பெரிய முக்கோணங்கள் ஒன்றை ஒன்று ஊடுருவுகின்றன. நான்கு சிவனுடையவை, ஐந்து சக்தியுடையவை என்று சௌந்தர்ய லஹரியின் 11-ஆவது சுலோகம் கணக்குச் சொல்கிறது. அவை வெட்டிக்கொள்வதால் உண்டாகும் சின்ன முக்கோணங்கள் 43. அந்தச் சுலோகத்துக்கே 43 என்று ஒரு பாடம், 44 என்று ஒரு பாடம், இரண்டும் வழக்கில் இருக்கின்றன. நடுப்புள்ளியைச் சேர்த்துக்கொண்டால் 44. மேல் நோக்கி, கீழ் நோக்கி என்று நாம் பேசுவதெல்லாம் சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்துப் பழகியதால் வந்த பேச்சு. பூஜையில் சக்கரம் பீடத்தில் படுத்திருக்கிறது. மேல் ஏது, கீழ் ஏது? முக்கோணத்தின் கூர் உட்கார்ந்திருக்கிற நம்மைப் பார்க்கிறதா, எதிர்ப்பக்கம் பார்க்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி.

இதை வெளியிலிருந்து உள்ளே ஒன்பது ஆவரணமாகப் பிரித்துப் பூஜை செய்வார்கள், நவாவரண பூஜை. ஆவரணம் என்றால் மூடி, திரை. இந்தப் பெயரே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. வரிசை இது: வெளியே நான்கு வாசல் வைத்த மூன்று கோட்டுச் சதுரம், பூபுரம் என்பார்கள். அப்புறம் 16 இதழ், அப்புறம் 8 இதழ். பிறகு முக்கோண வளையங்கள், 14, 10, மறுபடி 10, அப்புறம் 8. அதற்குள் ஒற்றை முக்கோணம். அதன் நடுவில் பிந்து.

ஒவ்வொரு ஆவரணத்திலும் இருக்கும் தேவதைகளுக்குப் பொதுவாக யோகினிகள் என்று பேர். அந்தக் கூட்டங்களுக்கு வைத்திருக்கும் பெயரை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். முதல் வாசலில் பிரகட யோகினிகள், அதாவது வெளிப்படையானவர்கள். அடுத்து குப்த, மறைந்தவர்கள். அடுத்து குப்ததர, இன்னும் மறைந்தவர்கள். பிறகு சம்பிரதாய, குலோத்தீர்ண, நிகர்ப்ப என்று போய் ரகசிய, அதிரகசிய, கடைசியில் பராபர அதிரகசிய யோகினி. தெருவில் நிற்கிறவரிடம் பேச ஆரம்பித்து, திண்ணை, கூடம், சமையலறை என்று உள்ளே போகப் போகக் குரல் தணிகிற மாதிரி. பெயர் வைத்தவர் ஒரு வீட்டைத்தான் மனத்தில் வைத்திருந்தார் என்று அடித்துச் சொல்வேன். பழைய நூல்களும் இதை நகரம் என்கின்றன, ஸ்ரீபுரம். லலிதையின் கதை சொல்லும் லலிதோபாக்கியானத்தில் தேவி பண்டாசுரனோடு போருக்குப் போகும்போது இதுவே ஒன்பது அடுக்குத் தேராக உருள்கிறது, சக்ரராஜ ரதம்.

இந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைத்தான் நான் குறியீடு என்று சொல்வேன். பாவனோபநிஷத் என்று ஒரு சின்ன உபநிஷத், பாஸ்கரராயர் உரை எழுதியது. (18-ஆம் நூற்றாண்டுக்காரர், கடைசிக் காலத்தைக் காவிரிக் கரையில் கழித்தவர், அந்தப் பக்கத்தில் பாஸ்கரராஜபுரம் என்று ஊரே இருக்கிறது.) அது ஸ்ரீ சக்கரத்தை அப்படியே மனித உடம்பில் வைத்துக் காட்டுகிறது. ஒன்பது வாசல் உள்ள உடம்பு, ஒன்பது ஆவரணச் சக்கரம்.

வெளிச் சதுரத்தின் நடுக்கோட்டில் பிராஹ்மி, மாஹேச்வரி என்று எட்டுத் தாய்மார் நிற்கிறார்கள். இவர்கள் யார் என்று உபநிஷத்தைக் கேட்டால் காமம், குரோதம், லோபம், மோகம், மதம், மாத்சரியம், புண்ணியம், பாவம் என்கிறது. முதல் தடவை இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கோபத்தையும் பொறாமையையும் வெளியே துரத்திவிட்டு வா என்று சொல்லவில்லை. வாசலில் நிற்கிறவர்கள் அவர்கள்தான், ஒவ்வொருவருக்கும் ஒரு துளி குங்குமம் போட்டு, பேர் சொல்லிக் கும்பிட்டுவிட்டு உள்ளே வா என்கிறது. புண்ணியத்தையும் அதே வரிசையில் நிறுத்தியிருப்பதைக் கவனியுங்கள். அதுவும் ஒரு வாசல்காரன்தான்.

அடுத்த 16 இதழ் என்பது ஐந்து பூதம், ஐந்து அறிவுப்புலன், ஐந்து தொழிற்புலன், மனம், ஆக 16. எட்டிதழில் பேசுவது, பிடிப்பது, நடப்பது மாதிரியான ஐந்து செயல்களும், வேண்டாம் என்று தள்ளுவது, வேண்டும் என்று எடுப்பது, கண்டுகொள்ளாமல் விடுவது என்ற மூன்றும். 14 முக்கோணம் 14 நாடி. வெளிப் பத்து, பிராணன் முதலான பத்து வாயு. உள் பத்து, உடம்புக்குள் எரிந்து செரிக்கிற பத்து அக்கினி. அதற்குள் எட்டு: குளிர், வெப்பம், இன்பம், துன்பம், ஆசை, சத்துவம், ரஜஸ், தமஸ். கவனித்தால் ஒரு போக்கு தெரியும். கையும் காலும் செய்கிற வேலை வெளியே இருக்கிறது, மூச்சு அதற்கு உள்ளே, செரிமானம் அதற்கும் உள்ளே, சுகம் துக்கம் என்று உணர்வது இன்னும் உள்ளே. தன் உடம்பை வெளித்தோலிலிருந்து ஒவ்வொரு அடுக்காகத் தொட்டுக்கொண்டு போகிற பயணம் இது.

உள் முக்கோணத்தைச் சுற்றி அம்பாளின் நான்கு ஆயுதங்களுக்கு அர்ச்சனை. அதற்கு விளக்கம் லலிதா சகஸ்ரநாமத்திலேயே இருக்கிறது, தினமும் சொல்கிறவர்கள்கூட ஓட்டமாகக் கடந்துவிடுகிறார்கள். பாசக்கயிறு ஆசை, அங்குசம் கோபம், கரும்பு வில் மனம், ஐந்து பூ அம்பு ஐம்புலன் நுகர்ச்சி. முதல் வாசலில் பார்த்த ஆசையும் கோபமும் இங்கே அவள் கையில் ஆயுதமாக இருக்கின்றன. வெளியே நிற்கும்போது அவை நம்மை ஆட்டுகின்றன, உள்ளே வரும்போது யாரோ பிடித்திருக்கிற கருவி ஆகிவிடுகின்றன. முக்கோணம் என்றால் சக்தி என்று மட்டும் எழுதி வைத்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்குமா?

பிந்துவைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் அதிகம் சொல்லப்போவதில்லை. வடிவம் இல்லாத இடம், ஆனாலும் கணக்கில் அதுவும் ஒரு ஆவரணம், ஒன்பதாவது திரை. இது ஒன்று போதும் யோசிக்க.

சரி, வரைவது பற்றி. ஸ்ரீ சக்கரத்தைப் பார்ப்பதை விட ஒரு தடவை போட்டுப் பார்ப்பது மேல் என்று என் பெரியப்பா சொல்வார், நவாவரண பூஜை செய்கிறவர். வழக்கில் உள்ள ஒரு முறைப்படி வட்டத்தின் செங்குத்து விட்டத்தை 48 பங்காகப் பிரித்துக்கொள்ள வேண்டும். மேலிருந்து 6, 6, 5, 3, 3, 4, 3, 6, 6 என்று பங்கு விட்டு ஒன்பது குறுக்குக் கோடு, மிச்சம் கீழே 6. பிறகு சில கோடுகளின் இரண்டு முனையையும் கணக்குப்படி அழித்துவிட்டு, முனைகளைச் சேர்த்து முக்கோணங்களை எழுப்ப வேண்டும். கேட்க லேசாக இருக்கிறது. நான் கட்டம் போட்ட தாளில், சீவிய பென்சிலோடு உட்கார்ந்தேன். ஐந்தாவது முக்கோணம் வரை எல்லாம் சுகம். ஆறாவதில் மூன்று கோடு ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டிய இடத்தில் ஒரு மயிரிழை தள்ளிப் போனது. அதைச் சரிசெய்ய ஒரு குறுக்குக் கோட்டைத் துளி ஏற்றினேன், அந்தப் பக்கம் கூடியது, எதிர்ப்பக்கம் இரண்டு இடத்தில் பிரிந்தது. அதைச் சரிசெய்தால் முதலில் சேர்ந்தது விட்டுப்போகிறது. நான்கு தாள் கிழித்தேன். பெரியப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "பென்சிலைக் கொஞ்சம் மழுக்கிக்கோடா" என்றார். கோடு கனமானால் பிசகு அதற்குள் மறைந்துவிடுமாம்! அனுபவசாலி.

இரண்டு கோடு வெட்டுகிற இடம் சந்தி, மூன்று கோடு கூடுகிற இடம் மர்மம். வர்மக்கலையில் அடிபட்டால் உயிர்போகும் இடத்துக்கு என்ன பேரோ அதே பேர். அந்த மர்மங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் சரியாகக் கூடுவது நிஜமாகவே கடினமான கணக்கு. மாஸ்கோவைச் சேர்ந்த அலெக்ஸி குலாய்ச்சேவ் 1984-ல் இந்திய அறிவியல் வரலாற்று ஆய்விதழில் இதன் கணிதத்தைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். எதையும் தனியாக நகர்த்த முடியாது, ஒரு கோட்டை அசைத்தால் எல்லாக் கோடும் பதில் கேட்கும் என்பதுதான் சாமானிய மொழியில் விஷயம். சிவமும் சக்தியும் பிரிக்க முடியாதவர்கள் என்று நூறு சுலோகத்தில் சொல்வதை ஒரு பென்சில் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. அந்த நாலு கிழிந்த தாளுக்குப் பிறகுதான் எனக்கு இது உறைத்தது, புத்தகத்தில் இல்லை.

இதெல்லாம் வடமொழித் தந்திர நூல்களின் சமாசாரம் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். திருமந்திரத்தின் நான்காம் தந்திரத்தில் பெரும்பகுதி சக்கரம்தான்: திருவம்பலச் சக்கரம், ஏரொளிச் சக்கரம், சாம்பவி மண்டலச் சக்கரம், புவனாபதி சக்கரம், நவாக்கரி சக்கரம் என்று போகும். அதில் திருவம்பலச் சக்கரம் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு 25 கட்டமாக்கி எழுத்தை நிரப்புகிறது. அந்தக் கட்டத்துக்குத் திருமூலர் சொல்லும் வார்த்தை என்ன தெரியுமா? அறை. இருபத்தைந்து அறை. ஐந்தெழுத்தை ஒவ்வொரு வரியிலும் இடம் மாற்றி மாற்றி அந்த அறைகளில் குடிவைக்கிறார். நான் வீடு வீடு என்று சொல்லிக்கொண்டிருப்பது என் சொந்தக் கற்பனை இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

முருகனுக்கு அறுகோணம், ஆறு மூலையில் ச-ர-வ-ண-ப-வ, நடுவில் ஓம். ஒன்று மேல் ஒன்றாக இரண்டு முக்கோணம். இதையும் யூதர்களின் ஆறுமுனை நட்சத்திரத்தையும் முடிச்சுப் போட்டு அங்கிருந்து இங்கே வந்தது, இங்கிருந்து அங்கே போனது என்று ஆண்டு தவறாமல் யாராவது எழுதுகிறார்கள். இரண்டு முக்கோணத்தை மாற்றி வைத்தால் எந்த ஊரிலும் அந்த வடிவம்தான் வரும். எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு, இங்கே அது எழுத்தை உட்காரவைக்கிற ஆறு இருக்கை.

கோயில்களில் இதே விஷயம் பெரிய அளவில் நடக்கிறது. கட்டுவதற்கு முன் மனையை 64 அல்லது 81 கட்டமாகப் பிரிப்பதும், நடுக்கட்டங்களைப் பிரம்மாவுக்கு விடுவதும் வாஸ்து நூல்களில் இருக்கிறது. ராஜகோபுரம், பிராகாரம், மண்டபம், அர்த்த மண்டபம், கருவறை என்று நாம் நடந்து போவதும் ஒரு ஆவரண பூஜைதான், காலால் செய்வது. காஞ்சி காமாட்சி சந்நிதியில் அம்பாளுக்கு எதிரே ஸ்ரீ சக்கரம் இருக்கிறது, ஆதிசங்கரர் பிரதிஷ்டை என்பது மரபு. குங்கும அர்ச்சனை அதற்குத்தான் நடக்கிறது. திருவானைக்காவில் அகிலாண்டேசுவரியின் உக்கிரம் தணிய அதே சங்கரர் ஸ்ரீ சக்கர வடிவத் தாடங்கங்களைக் காதில் பூட்டினார் என்பார்கள். மாங்காட்டில் இருப்பது அர்த்தமேரு, அதாவது தட்டையாக இல்லாமல் பாதி மலை போல எழும்பியது. எட்டு வாசனைப் பொருட்களால் செய்தது என்பதால் அதற்கு அபிஷேகம் கிடையாது, சந்தனம், புனுகு, குங்குமத்தோடு சரி. மலை மாதிரி நிற்கும் மேருவைப் பார்த்தால் நான் சொல்கிற பயணம் சட்டென்று புரியும். தட்டையாகப் பார்க்கும்போது நடு என்று நினைத்தது அங்கே உச்சி ஆகிவிடுகிறது. உள்ளே போவதும் மேலே ஏறுவதும் ஒன்றே.

சிதம்பரத்தில் ரகசியம் என்று திரையை விலக்கிக் காட்டுகிறார்களே, தொங்கும் தங்க வில்வ மாலைகளுக்குப் பின்னால் சுவரில் சக்கரம்தான் இருக்கிறது என்பார்கள். நமக்குத் தெரிவது வில்வ மாலை மட்டும். கும்பாபிஷேகத்தின்போது சிலையை நிறுத்தும் பீடத்துக்குள் யந்திரத் தகட்டை வைத்து மேலே மூர்த்தியை அமர்த்தி அஷ்டபந்தனம் சாத்தி மூடிவிடுவார்கள். அதற்கப்புறம் அதை யாரும் பார்ப்பதில்லை. இத்தனை கோடும் கணக்கும் போட்டு வரைந்தது கண்ணில் படவே வேண்டியதில்லை என்று ஒரு மரபு நினைத்திருக்கிறது. தகட்டை ஃபிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

வரையாமலே இந்தச் சக்கரத்தைக் கட்டியவர் ஒருவர் உண்டு, முத்துசுவாமி தீட்சிதர். திருவாரூர் கமலாம்பாள் மேல் ஆவரணத்துக்கு ஒன்றாக நவாவரணக் கிருதிகள். முதல் ஆவரணம் ஆனந்தபைரவி ராகத்தில் முதல் வேற்றுமை, கல்யாணியில் இரண்டாம் வேற்றுமை, சங்கராபரணத்தில் மூன்றாம் வேற்றுமை என்று போய், எட்டாவது கண்டா ராகத்தில் விளி வேற்றுமை. ஒன்பதாவது ஆஹிரி. கமலாம்பா, கமலாம்பாவை, கமலாம்பாவால், கமலாம்பாவுக்கு என்று ஒரே பெயர் வேற்றுமை மாறி மாறி அவளோடு உள்ள உறவு மாறிக்கொண்டே வருகிறது. கடைசிக்கு முந்தின அறையில் "கமலாம்பிகே" என்று நேரே கூப்பிடுகிறார். இலக்கணத்தையே பிராகாரமாக்கியவர்.

வீட்டில் போடும் கோலத்திலும் இது இருக்கிறது. ஹிருதய கமலம் கோலம் தெரியுமா? நடுவிலிருந்து எட்டுத் திக்கிலும் ஐந்தைந்து புள்ளி வைத்து, ஒரு வரிசையின் முதல் புள்ளியிலிருந்து அடுத்த வரிசையின் மூன்றாவது, அதற்கடுத்ததன் ஐந்தாவது, பிறகு இரண்டாவது, நான்காவது, மறுபடி முதல் என்று சுற்றிக்கொண்டே போக வேண்டும். ஐந்து சுற்று வந்து, நாற்பது புள்ளியையும் ஒரு தடவை தொட்டு, கை எடுக்காமல் தொடங்கிய புள்ளிக்கே வந்து சேர்வோம். எட்டுக்கும் ஐந்துக்கும் பொது வகுஎண் இல்லாததால் நடக்கிற காரியம். எட்டுத் திக்கில் நான்கு நான்கு புள்ளி வைத்து இதே மாதிரி ஒரே தாவலாகச் சுற்றிப் பாருங்கள், நாலு வரிசையிலேயே அதே எண் திரும்பி வந்துவிடும், மிச்சப் புள்ளிகள் அநாதையாக நிற்கும். இதைக் கணக்காகத் தெரியாமலே எத்தனையோ பாட்டிகள் வெள்ளிக்கிழமை தவறாமல் பூஜை அறையில் போட்டார்கள். கோலத்தின் இலக்கணத்தைச் சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி குழுவினர் 1970-களில் கணினி அறிவியல் கட்டுரையாகவே எழுதினார்கள், அது தனிக் கதை.

இப்போது சுற்றி வரும் இரண்டு சமாசாரங்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் யாராவது கேட்பீர்கள். ஓம் என்று சொன்னால் மணல் தட்டில் ஸ்ரீ சக்கரம் உருவாகிறது என்று ஒரு வீடியோ. அதிர்கிற தட்டில் மணல் உருவம் கட்டுவது உண்மை, ஆனால் அது தட்டின் வடிவத்தையும் சுருதியையும் பொறுத்தது. நான் சொல்கிற ஓம் வேறு சுருதி, நீங்கள் சொல்வது வேறு சுருதி, உருவமும் வேறுதான் வரும். இரண்டாவது, அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் வறண்ட ஏரிப் படுகையில் 1990-ல் விமானத்திலிருந்து பார்த்த கால் மைல் அகல ஸ்ரீ சக்கரம். வேற்றுக் கிரகக்காரர் வரைந்தது என்று இன்றும் வாட்ஸப்பில் வருகிறது. பில் விதர்ஸ்பூன் என்ற ஓவியர் நண்பர்களோடு சேர்ந்து நிலத்தைக் கீறி வரைந்ததாக அவரே சொல்லிவிட்டார். எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். நான் ஒரு தாளில் திணறியதை மனுஷர் கால் மைலுக்கு இழுத்திருக்கிறார்.

இனி தகடு. வாங்கலாம், தப்பே இல்லை. ஆனால் வாங்குமுன் எண்ணுங்கள். வெளியிலிருந்து 14, 10, 10, 8, 1. மூன்று கோடு கூட வேண்டிய இடம் விலகியிருந்தால் அங்கே கடுகளவு இன்னொரு முக்கோணம் முளைத்திருக்கும், கணக்கு 43-ஐத் தாண்டிவிடும். நான் ஒரு முறை நல்ல விலை கொடுத்து வாங்கி வந்ததில் இப்படி ஆறு இடத்தில் முளைத்திருந்தது. விற்றவரிடம் காட்டினால் "அது டிசைன் சார்" என்றார். உபதேசம் பெற்று முழு நவாவரண பூஜை செய்வது வேறு சங்கதி, அதற்குக் குரு வேண்டும், எழுத்தில் படித்துச் செய்வது இல்லை. அது இல்லாதவர்கள் தகட்டைப் படுக்க வைத்து, தெரிந்த நாமத்தைச் சொல்லிக் குங்குமம் போடலாம். வெளி வாசலிலிருந்து ஆரம்பியுங்கள், பொறாமைக்கு ஒரு துளி, கோபத்துக்கு ஒரு துளி. பெரியப்பாவின் சக்கரத்தில் பூஜை முடியும்போது குங்குமம் குவிந்து ஒரு கோடுகூடத் தெரியாது. மறுநாள் காலையில் துடைத்தால் மறுபடி தெரியும்.

துடைக்கும்போது புளி போட்டுக் கரகரவென்று தேய்க்க வேண்டாம். மெல்லிய தகடு என்றால் ஐந்தாறு வருஷத்தில் உள் எட்டு முக்கோணமும் தேய்ந்துவிடும். விபூதி தொட்டு, பழைய பருத்தித் துணியால் கோட்டின் வாக்கிலேயே துடையுங்கள்.